வேல்ஸ் மலையில் ஒரு மலாயாப் பரீட்சை

கார்டிஃப் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். 'ஸ்டோரி ஆர்ம்ஸ்' என்ற இடத்தில் பேருந்து இறக்கிவிடும். பெயரைப் பார்த்து உணவகம் என்று நம்பிப் பசியோடு போய்விடாதீர்கள். இன்று அது மாணவர்களுக்கான மலைப்பயிற்சி நிலையம். பக்கத்தில் ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. அதைத் தாண்டினால் மலைதான்.

தென் வேல்ஸின் ஆக உயரமான சிகரம் இது, 886 மீட்டர். ஆங்கிலேயர் கண்ணுக்கு அதன் பெயரில் 'ஃபேன்' என்ற சொல் தெரியும். உள்ளூர்க்காரர்கள் 'பென் அ வான்' என்கிறார்கள். வேல்ஸ் மொழியில் ஒற்றை எஃப் எழுத்துக்கு 'வ' ஓசை. உச்சி முகிலுக்குள் மறையும் நாளில் நம் காதுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே படும்.

வார இறுதியில் பாதையெங்கும் குழந்தைகளோடு குடும்பங்கள், நாய்களோடு நடப்பவர்கள். அவர்களுக்கு நடுவே முதுகில் பெரிய மூட்டையுடன், யாரிடமும் பேசாமல், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விரையும் சிலரையும் காணலாம். பிரிட்டனின் எஸ்ஏஎஸ் சிறப்புப் படையில் சேர விரும்பும் வீரர்களை வடிகட்டும் மலை இது. அந்த நடையைத் தாமும் நடந்து பார்க்க ஆசைப்படும் பொதுமக்களும் வருகிறார்கள். அதற்கென்றே கட்டணம் கட்டிக் கலந்துகொள்ளும் போட்டி நடக்கிறது என்றால் பாருங்களேன்!

அந்த நடைக்கு 'ஃபேன் டான்ஸ்' என்று பெயர். நடனம் எதுவும் இல்லை. தொலைபேசிக் கூண்டிலிருந்து சிகரத்துக்கு ஏறி, மறுபுறம் 'யாக்கோபின் ஏணி' எனப்படும் செங்குத்தான சரிவில் இறங்கி, 'ரோமானியர் சாலை' என்று அழைக்கப்படும் கற்பாதை வழியே டோர்பான்டௌ என்ற பழைய ரயில் நிலையம்வரை போக வேண்டும். பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும். மொத்தம் 24 கிலோமீட்டர். முதுகில் சுமார் 16 கிலோ. துப்பாக்கியும் தண்ணீரும் தனி. நேரம் ஏறக்குறைய நான்கு மணி.

புக்கிட் தீமா குன்றின் உயரம் 164 மீட்டர். இங்கே கூண்டிலிருந்து உச்சிக்கு ஏற்றம் மட்டுமே சுமார் 450 மீட்டர், அதுவும் இரண்டு முறை. போதாக்குறைக்கு, மூச்சிரைக்க முதல் மேட்டை ஏறி முடித்ததும் பாதை ஓர் ஓடையை நோக்கிக் கீழே இறங்குகிறது. ஏறிய உயரத்தில் கொஞ்சம் கைநழுவிப் போகும். சிறு பையோடு போன எனக்கே அங்கே எரிச்சல் வந்தது. உச்சியில் நின்று யாக்கோபின் ஏணியை எட்டிப் பார்த்தபோது, இதில் இறங்கிப் போனவன் 12 கிலோமீட்டருக்கு மேல் நடந்த கால்களோடு மறுபடி ஏறி வரவேண்டும் என்பது உறைத்தது.

திரைப்படங்களில் பயிற்சி அதிகாரி காது கிழியக் கத்துவார். இங்கே அப்படியில்லை. அடுத்தடுத்த நாள்களில் வீரர்கள் வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு தனித்தனியாக நடக்கிறார்கள். ஒரு சாவடியை அடைந்தால் அடுத்த சாவடி எங்கே என்று மட்டும் சொல்வார்கள். நேரத்துக்குள் வந்தோமா, பிந்திவிட்டோமா என்று சொல்வதில்லை. பாராட்டும் கிடையாது, திட்டும் கிடையாது. போதும் என்று நினைப்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கடைசி நடை சுமார் 64 கிலோமீட்டர், ஏறக்குறைய 20 மணி நேரம். தேறியவர்களுக்கு அடுத்தது காட்டுப் பயிற்சி, புரூணையிலோ பெலீஸிலோ.

இப்படியொரு தேர்வு தேவை என்ற பாடம் நம் மண்ணில் கற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945இல் எஸ்ஏஎஸ் கலைக்கப்பட்டது. 1948இல் மலாயாவில் அவசரகாலம் வந்தது. நம் தாத்தா பாட்டிகளுக்கு அது அரிசிக் கட்டுப்பாடும் ஊரடங்கும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளைத் தேடிச் செல்ல, மைக் கால்வர்ட் என்ற அதிகாரி 1950இல் 'மலாயன் ஸ்கவுட்ஸ்' படையைத் திரட்டினார். அவசரத்தில் திரட்டிய கூட்டம். முறையான தேர்வு இல்லை. நல்ல வீரர்களோடு கட்டுக்கடங்காதவர்களும் சேர்ந்துவிட்டார்கள். வாரக்கணக்கில் காட்டில் சிலரே சேர்ந்து வாழும் வேலைக்கு முரட்டு உடம்பு மட்டும் போதாது. 1952இல் பேராக்கின் பெலும் பள்ளத்தாக்கில் வீரர்கள் வான்குடையோடு மரங்களின் மேலேயே குதித்தார்கள். அதே ஆண்டு அந்தப் படை 22ஆவது எஸ்ஏஎஸ் ரெஜிமெண்ட் ஆனது. மலாயாவில் பணியாற்றிய ஜான் வுட்ஹவுஸ் என்ற அதிகாரி பிரிட்டன் திரும்பி, ஆள் எடுக்கும் முறையை வகுத்தார். வேல்ஸ் மலைகள் அதற்குக் களமாயின.

ஆனால், இந்த மலை கெட்டிக்காரர்களையும் விடுவதில்லை. ஓமானின் மிர்பாட்டில் 1972இல் ஒரு சிறு குழுவோடு பெரும்படையை எதிர்த்து நின்ற மேஜர் மைக் கீலி, 1979 பிப்ரவரியில் இங்கே புதியவர்களோடு நடந்தபோது குளிரில் விறைத்து இறந்தார். போரில் பெயர் வாங்கியவர், தம் உடல்தகுதியைத் தாமே சோதித்துக்கொள்ள வந்த இடம் இது.

2013 ஜூலை 13 அன்று காரணம் வெயில். வெப்பநிலை சுமார் 27 பாகை. நம் ஊரில் அது விடியற்காலைக் குளுமை! நிழலே இல்லாத மலையில், 20 கிலோவுக்கு மேல் சுமையோடு 26 கிலோமீட்டர் நடந்த பகுதிநேரப் படை வீரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மூவர் உயிரிழந்தனர். உழைக்கும் தசைகளே உடம்பைச் சூடாக்குகின்றன. உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது மூளை குழம்புகிறது. தனக்கு என்ன நேர்கிறது என்பது நடப்பவனுக்கே தெரிவதில்லை. நிற்காமல் நடக்கப் பழக்கப்பட்டவன் மேலும் நடக்கிறான். எளிதில் விலகுகிறவனைவிட அவனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

2015இல் மரண விசாரணை அதிகாரி, அன்றைய நடையின் திட்டமிடலில் இருந்த குறைகளைக் கடுமையாகச் சுட்டினார். வெப்பத்தால் சிலர் விலகியபோதே நடையை நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். ஒவ்வொருவரிடமும் இருப்பிடம் காட்டும் கருவி இருந்தது. திரையில் ஒரு புள்ளி நகராமல் நின்றதை உடனே யாரும் கவனிக்கவில்லை. மனவுறுதியைச் சோதிக்கிறவர்கள் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுத்திருக்கக் கூடாது. தேசிய சேவைக்குப் பிள்ளைகளை அனுப்பிய சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு இது விளங்கும். வெயிலையும் ஈரப்பதத்தையும் அளந்து ஓய்வு நேரத்தை முடிவு செய்வதும், கைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி உடல் சூட்டைத் தணிப்பதும் அங்கே வழக்கமாகிவிட்டன.

நீங்கள் போவதானால் மே முதல் செப்டம்பர்வரை நல்லது. கீழே வெயில் அடித்தாலும் காற்றையும் மழையையும் தாங்கும் மேலாடை கட்டாயம். சாதாரண நடைக்கு ஏறி இறங்க நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். முகில் இறங்கினால் திரும்பிவிடுங்கள். சிகரத்தின் வடமுகம் செங்குத்து.

இறங்கும் வழியில், பக்கத்துச் சிகரமான கார்ன் டூவுக்குக் கீழே, பாதையிலிருந்து சற்று விலகி ஒரு கல்தூண் இருக்கிறது. டாமி ஜோன்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுவனின் நினைவாக நட்டது. 1900 ஆகஸ்ட் மாதம், தாத்தாவின் பண்ணைக்குத் தந்தையோடு நடந்து வந்தவன், மாலை மங்கும் நேரத்தில் வழி தவறினான். அருகில் முகாமிட்டிருந்த ராணுவ வீரர்களும் சேர்ந்து தேடினார்கள். 29 நாள் கழித்து உடல் கிடைத்தது. அவ்வளவு சின்னக் கால்கள் அத்தனை உயரம் ஏறியிருக்கும் என்று யாருக்கும் தோன்றாததால் அந்த மேட்டில் தேடவில்லையாம்.