கத்திரியில் மூக்கடைப்பு

மே 4 முதல் 28 வரை கத்திரி. வெளிநாட்டு அன்பர்களில் பெரும்பாலோர் அதற்குள் திருவண்ணாமலையைக் காலி செய்திருப்பார்கள். செங்கம் சாலையில் அவர்களை நம்பி நடக்கும் காபிக் கடைகள் சிலவற்றில் பூட்டு தொங்கும். பகலெல்லாம் வாங்கிய வெயிலை மலை ராத்திரி வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். இந்தச் சூட்டில் யாருக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று நினைத்தால், ரமணாசிரமத்துக்கு எதிர்ச்சாரியில் எந்த மருந்துக் கடை வாசலிலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள்.

*

"சூட்டுச் சளிங்க. வெயில்ல வந்து ஐஸ் போட்ட ஜூஸைக் குடிச்சேன், பிடிச்சுக்கிச்சு." ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குற்றவாளி உண்டு: ஐஸ், தர்பூசணி, தலைக்குக் குளித்தது, மண்பானைத் தண்ணீர். உண்மையில் சளியைத் தருவது வைரஸ். ரைனோ வைரஸில் மட்டும் 150-க்கு மேல் வகைகள்; ஒன்றுக்கு உடம்பு பழகுவதற்குள் இன்னொன்று வந்துவிடும். சளிக்குத் தடுப்பூசி வராததற்கு இது முக்கியமான காரணம்.

*

இங்கிலாந்தில் சால்ஸ்பரி என்ற ஊருக்குப் பக்கத்தில் 1946-இல் சளிக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. சோதனைக்கு வருகிறவர்களுக்கு இலவசத் தங்கல், சாப்பாடு. பதிலுக்கு மூக்கில் வைரஸ் சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். குளித்த ஈரத்தோடு காற்றடிக்கும் தாழ்வாரத்தில் நிற்க வைத்தார்கள், ஈரக் காலுறையோடு அலையவிட்டார்கள். குளிர் மட்டும் யாருக்கும் சளியைக் கொண்டுவரவில்லை. ஆனால் குளிரைப் பழிக்கும் பாட்டிகளை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 2005-இல் கார்டிஃபில் 180 பேரை வைத்துச் சோதித்தபோது, 20 நிமிஷம் குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்தவர்களில் கூடுதலான பேர் அடுத்த சில நாட்களில் சளி என்றார்கள். உள்ளே ஏற்கெனவே பதுங்கியிருந்த வைரஸைக் குளிர் எழுப்பிவிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் யூகம். ஆனால் கலந்துகொண்ட யாருக்கும் வைரஸ் பரிசோதனை நடக்கவில்லை. எனவே ஐஸுக்கு என் தீர்ப்பு, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை.

*

கோடையில் இங்கே இரண்டு கூட்டம். ஒன்று பகவான் ரமணரின் ஆராதனை. அவர் மகாசமாதி அடைந்தது 1950 ஏப்ரல் 14. அது அடக்கமான கூட்டம். இன்னொன்று சித்ரா பௌர்ணமி, லட்சக்கணக்கில். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் ராத்திரியில்தான் நடக்கிறார்கள். அக்னி லிங்கத்தைத் தாண்டி சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம் வரைக்கும் தோளோடு தோள் உரசித்தான் வர வேண்டும்.

வைரஸ் உள்ளே போய் ஒன்றிலிருந்து மூன்று நாளில் தும்மல் தொடங்கும். அதற்குள் கிரிவலத்துக்கு வந்த சென்னைக்காரர் சென்னையில் இருப்பார், பழி அங்கே குடித்த மோருக்குப் போகும்.

*

திறந்தவெளியில் நடப்பதில் ஆபத்து குறைவு. கைதான் விஷயம். வரிசைக் கம்பி, ஷேர் ஆட்டோ கம்பி, சில்லறை நோட்டு என்று எல்லாவற்றையும் பிடித்த கை, தீபாராதனைத் தட்டில் காட்டிவிட்டு நேரே கண்ணுக்குப் போகிறது. கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு கண்ணீர்க் குழாய் உண்டு. வைரஸுக்கு அது போதும். கண்ணில் ஒற்றிக்கொள்ளாதீர்கள் என்று இந்த ஊரில் சொல்லிவிட்டு நடமாட முடியாது, சொல்லவும் மாட்டேன். வரிசையில் நின்று முடித்ததும் கை கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது என்று மட்டும் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். சோப்பும் தண்ணீரும் போதும்.

*

தண்ணீர்ப் பந்தல். பானைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்ட எவர்சில்வர் டம்ளர். திருடு போகாமல் இருக்கச் சங்கிலி சரி. ஆனால் ராத்திரி முழுக்க எத்தனை வாய்! வாயில் படாமல் தூக்கிக் குடிக்கும் நம் பழக்கத்தை எச்சில் தீட்டு என்று கேலி செய்தவர்கள் உண்டு. இந்த ஒரு காரியத்தில் பழைய ஆட்கள் பக்கம் நிற்கிறேன். இப்போது பிள்ளைகளுக்குத் தூக்கிக் குடிக்கத் தெரியவில்லை, புரை ஏறுகிறது.

*

தூக்கம். 2009-இல் அமெரிக்காவில் ஷெல்டன் கோஹன் குழு 153 பேருக்கு மூக்கில் வைரஸ் விட்டுப் பார்த்தது. ராத்திரி ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு, எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்குகிறவர்களைவிட மூன்று மடங்கு அளவுக்குச் சளி. பௌர்ணமி இரவு முழுக்க நடந்துவிட்டு விடிந்ததும் ஏசி பஸ்ஸில் ஜன்னலை மூடிக்கொண்டு ஐம்பது பேர் போகிறார்கள். வறண்ட குளிர்காற்று மூக்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒருவர் தும்மினால் எல்லோருக்கும் பங்கு. கூடுமானால் ஒரு பகல் தூங்கிவிட்டுக் கிளம்பலாம். ஜன்னல் திறக்கிற சாதாரண பஸ் இந்த விஷயத்தில் உயர்ந்தது.

*

பாதை ஓரத்தில் மூலிகை சூப், தூதுவளை, சுக்குக் காபி.

"இதைக் குடிச்சா சளி வராதா அக்கா?"

"வந்தவங்களுக்குத் தொண்டை எதமா இருக்கும் சாமி. வராம இருக்கறதுக்கு மலைதான் காப்பாத்தணும்."

இதைவிட நேர்மையான விளம்பரத்தை நான் கேட்டதில்லை. நொச்சி போட்ட ஆவியும், நெற்றியில் பற்றுப் போடும் நீர்க்கோவை மாத்திரையும் அப்படித்தான்: மூக்கடைப்பு இளகும், வைரஸ் போகாது. வைட்டமின் சி தினமும் விழுங்கினாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி வருவது குறைவதில்லை. வெறும் தண்ணீரில் தொண்டை கொப்பளிப்பதற்கு மட்டும் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் பலன் தெரிந்தது. செலவில்லாதது என்பதால் நான் கொப்பளிக்கும் கட்சிக்கு மாறிவிட்டேன்.

*

கேட்காமலேயே ஆன்டிபயாடிக் கொடுக்கும் கடைக்குப் போகாதீர்கள். வைரஸை அது தொடாது. குழந்தைகளுக்கு இருமல் சிரப்பை நாமாக வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடாவில் குழந்தைகளைக் கொன்ற சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. உள்ளே டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. மூச்சு வாங்கினால், காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால், குழந்தை பால் குடிக்க மறுத்தால் டாக்டர்.

*

அடுத்த சித்ரா பௌர்ணமிக்குப் பந்தல் போடும் நண்பருக்குச் சொல்ல: சங்கிலி டம்ளர் வேண்டாம். குழாய் வைத்த டிரம். அவரவர் பாட்டிலில் பிடித்துக்கொள்ளட்டும். பக்கத்திலேயே கை கழுவ இன்னொரு டிரம், கயிற்றில் கட்டிய சோப்பு. நீர்மோரில் ஐஸ் போடலாம்.