சுகர் குறைஞ்சதுன்னு பாயசம் வெச்சோம்!

20 வருஷ சர்க்கரை நோயாளியான அப்பாவுக்கு திடீரென சுகர் குறைய ஆரம்பித்தது. அதே இன்சுலின், அதே சாப்பாடு. `கன்ட்ரோல்ல வந்துடுச்சு' என்று அம்மா பாயசமே வைத்துவிட்டார். ஒரு விடியற்காலையில் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது, குளுக்கோமீட்டரில் 52. நினைவு இருந்ததால், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினோம்.

கிரியேட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், ``இன்சுலினை உடம்பிலிருந்து அகற்றுவதில் கிட்னிக்கும் பங்கு இருக்கு. அது பழுதானா, போட்ட ஊசி கூடுதல் நேரம் வேலை செய்யும்'' என்றார். டோஸைக் குறைத்தார். ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்ததால் இளநீருக்கும் தடை. அதை தினமும் வாங்கி வந்தது நான்தான். ஹெல்த் கட்டுரை எழுதுகிறவள்!

இப்போதெல்லாம் சுகர் இறங்கினால் அம்மா கேட்பது ஒன்றுதான்: ``கிரியேட்டினின் எப்போடி பார்த்தோம்?''