ஆறு மாவுக்கட்டும் ஒரு கம்பி ஷூவும்

என் மகளுக்குப் பையன் பிறந்த மூன்றாம் நாள், பார்க்க வந்த சொந்தக்காரம்மா ஒருவர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "கிரகணத்தன்னிக்கு வெளியில எங்கயாவது போனியாடி?" என்று கேட்டார். குழந்தையின் வலது பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொண்டு இருந்தது. மகள் பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு அந்தப் பாதம் புதிதில்லை. என் அப்பாவின் தங்கைக்கும் அதே போலத்தான். பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றியே நடந்து அங்கே காய்ப்புக் காய்த்திருக்கும். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. கல்யாணமும் ஆகவில்லை. எழுபதைத் தாண்டிய அத்தை எங்களோடுதான் இருக்கிறார்.

வளைபாதம் என்றார் அரசு மருத்துவமனை எலும்பு டாக்டர். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருமாம். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை, சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு, கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சம்பந்தியம்மாளை வைத்துக்கொண்டே சொன்னார். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"ஆபரேஷனா சார்?" என்றார் மாப்பிள்ளை. பெரிய ஆபரேஷன் எதுவும் இல்லை, வாரம் ஒரு மாவுக்கட்டு என்றார் டாக்டர். கையால் பாதத்தை மெல்லத் திருப்பி, திரும்பிய அளவில் நிறுத்திக் கட்டுப் போடுவார்கள். அடுத்த வாரம் பிரித்து இன்னும் கொஞ்சம். பிஞ்சுக் குழந்தையின் தசைநார்கள் இளகிக் கொடுக்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். இக்னாசியோ பொன்செட்டி என்ற டாக்டரின் முறை இது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் எலும்பு முறிந்த வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், பிறகு அமெரிக்காவில் அயோவாவுக்குப் போனார். கத்தி வைத்துச் சரிசெய்த வளைபாதங்கள் பிற்காலத்தில் விறைத்துப்போய் வலிப்பதை அங்கே பார்த்துத்தான் இந்த வழிக்கு வந்தாராம். 1963-லேயே எழுதியும் பல வருஷம் மற்ற டாக்டர்கள் கண்டுகொள்ளவில்லை. எல்லாம் மகள் செல்போனில் படித்துச் சொன்னது.

கட்டுப் போடும் நாளில் குழந்தைக்குப் பசி வைத்தே கூட்டிப் போவோம். பால் குடித்துக்கொண்டிருந்தால் காலை உதறாது. தொடையிலிருந்து விரல் வரை, முழங்காலை மடக்கிக் கட்டு. வீட்டுக்கு வந்ததும் கட்டைவிரலை அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் சரி. அந்த ஆறு வாரமும் குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. காலை நீட்டி உட்கார்ந்து பேரனைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஆசையாகக் காத்திருந்த எனக்கு அதுதான் பெரிய குறை!

ஆறாவது கட்டுக்குப் பின், குதிகாலுக்கு மேலே இருக்கும் நாணை மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி விட்டார்கள். சில நிமிஷ வேலை. அறுந்த நாண் நீளமாக வளர்ந்து சேர மூன்று வாரம் இன்னொரு கட்டு. அதைப் பிரித்தபோது பாதம் நேராக இருந்தது. சம்பந்தியம்மாள் திருஷ்டி சுற்றினார்.

கஷ்டமே அப்புறம்தான். இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் பூட்டிய கருவி. மூன்று மாதம் தினமும் 23 மணி நேரம், பிறகு நான்கைந்து வயது வரை தூங்கும்போது. முதல் இரண்டு ராத்திரியும் வீடே தூங்கவில்லை. "கால்தான் நேராயிடுச்சே, பச்சப் புள்ளைக்கு எதுக்கு விலங்கு?" என்று மாப்பிள்ளை கழற்றப் போனார். க்ளினிக்கில் ஒரு குழந்தையைப் பார்த்திருந்தோம். அழுகிறது என்று ஷூவை நிறுத்தி, பாதம் பழையபடி திரும்பி, ஒன்றரை வயதில் மறுபடி முதல் கட்டிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். அதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கித் தன் பாதத்தை மாப்பிள்ளைக்குக் காட்டினார். எனக்குத் தெரிந்து அவர் யாருக்கும் அதைக் காட்டியதில்லை. மாப்பிள்ளை அன்றிலிருந்து தானே மாட்டிவிடுகிறார்.

இப்போது பையனுக்கு மூன்றரை வயது. ஓடுகிறான், மாடிப்படியில் குதிக்கிறான். வலது கெண்டைக்கால் மட்டும் கொஞ்சம் ஒல்லி, பாதமும் ஒரு சுற்று சின்னது. அது அப்படித்தான் இருக்குமாம். ஜூனில் எல்.கே.ஜி. போகிறான். கறுப்பு ஷூ வாங்கினோம், இடது காலுக்குக் கச்சிதம், வலது கொஞ்சம் லூசு. அத்தை வலது ஷூவுக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்.