பொறுப்பு கைமாறிய நாட்கள்

2021 அக்டோபர் 29, வெள்ளி

ஃபின்லாந்துக்காரர் லாஸ்ஸே காலினுக்கு ஒரு திருத்தம் வந்து சேர்கிறது. அனுப்பியவர் பெயர் ஜியா டான். நிரலை எந்த எடிட்டரில் திறந்தாலும் வரிகளின் தள்ளல் ஒரே மாதிரி இருக்கச் செய்யும் சின்ன அமைப்புக் கோப்பு, அவ்வளவுதான். கெடுதல் எதுவும் அதில் இல்லை.

காலின் பராமரிப்பது எக்ஸ்இசட் என்னும் கருவியை. பெரிய கோப்பைச் சுருக்கி வைத்து, வேண்டும்போது பழையபடி விரித்துக் கொடுப்பது அதன் வேலை. செவன்-ஜிப்பை எழுதிய இகோர் பாவ்லோவின் எல்இசட்எம்ஏ முறைதான் அதன் உள்ளே ஓடுகிறது. லினக்ஸ் கருநிரலின் மூலநிரல் இந்த வடிவத்தில் கட்டப்பட்டு வருகிறது. லினக்ஸ் வழங்கலான டெபியனின் பொதிகளும் இப்படித்தான் சுருக்கப்படுகின்றன. லினக்ஸ் ஓடும் கணினியைத் திறந்து தேடினால் பெரும்பாலும் இது கிடைக்கும். கணினியை வைத்திருப்பவர் அதன் பெயரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். இத்தனை பேர் சாய்ந்திருந்த கருவியைப் பல ஆண்டுகளாகக் கவனித்துக்கொண்டவர் அநேகமாக ஒற்றை ஆள். சம்பளம் கிடையாது.

2022 ஏப்ரல் 22

ஜியா டான் அனுப்பிய வேறொரு திருத்தம் இன்னும் சேர்க்கப்படவில்லை என்று ஜிகர் குமார் என்ற பெயரில் ஒரு குறை வருகிறது. திருத்தம் வந்து மூன்றே நாள்தான் ஆகிறது.

2022 மே 19, வியாழன்

டென்னிஸ் என்ஸ் என்ற பெயரில் ஒருவர் கேட்கிறார்: எக்ஸ்இசட்டின் ஜாவா வடிவம் இன்னும் பராமரிப்பில் இருக்கிறதா? ஒரு வாரத்துக்கு முன் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே என்ற குறையும் கூடவே.

நிரல் எழுதிப் பிழைக்கிற ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது. ஒரு கருவியை எடுத்துப் பயன்படுத்துமுன் கடைசியாக எப்போது மாற்றம் நடந்தது, எத்தனை வழுக்கள் பதிலின்றிக் கிடக்கின்றன, பராமரிப்பவர் கடைசியாக எப்போது பேசினார் என்று பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். கைவிடப்பட்ட கருவியின் மேல் கட்டிய மென்பொருளை ஒருநாள் இடித்துக் கட்ட நேர்ந்தவர்களுக்கு அதன் வலி தெரியும். ஆனால் கேள்விக்கு இன்னொரு முனையில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் காதில் அது எப்படி விழுகிறது என்பதை இந்த நாட்குறிப்பு காட்டுகிறது.

காலின் அன்றே பதில் எழுதுகிறார். வழு என்று யாராவது சொன்னால் சரிசெய்யப்படும், புதிய வசதிகள் சேர்க்கும் வேலை மந்தமாகத்தான் போகிறது, தன்னிடம் இருக்கும் நேரமும் வலுவும் போதவில்லை என்கிறார். ஜியா டான் தனிப்பட்ட முறையில் உதவி வருவதாகவும், பின்னால் அவருக்குப் பெரிய பங்கு கிடைக்கலாம் என்றும் குறிப்பிடுகிறார்.

2022 ஜூன் 7, 8

புதிய பராமரிப்பாளர் வரும்வரை முன்னேற்றம் இருக்காது என்று ஜிகர் குமார் எழுதுகிறார். மறுநாள் காலினின் பதில். ஆர்வம் போய்விடவில்லை, நீண்டகாலமாக இருக்கும் மனநலச் சிக்கலாலும் வேறு சில காரணங்களாலும் கவனிக்க முடியாமல் போகிறது, இது கூலியில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. தன் நோயைப் பொதுவெளியில் சொல்லிக் காரணம் காட்டவேண்டிய நிலைக்கு ஒரு மனிதரைத் தள்ளியிருக்கிறார்கள். அவர் சொன்ன மொழியில் கோபம் இல்லை, எரிச்சல்கூட இல்லை.

2022 ஜூன் 21, 29

டென்னிஸ் என்ஸ் மறுபடி வருகிறார். நோய்க்கு வருந்துவதாகச் சொல்லிவிட்டு, தன் எல்லை எதுவென்று ஒருவர் அறிந்திருக்க வேண்டும், பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமே என்கிறார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். எட்டு நாள் கழித்துக் காலின் எழுதுகிறார்: ஜியா டான் ஏற்கெனவே நடைமுறையில் இணைப் பராமரிப்பாளர்தான்.

ஜிகர் குமார், டென்னிஸ் என்ஸ் என்ற பெயர்களுக்கு இந்தத் திட்டத்துக்கு வெளியே தடயம் கிடைக்கவில்லை. ஒரே கூட்டம் போட்டுக்கொண்ட முகமூடிகள் இவை என்பது பின்னாளில் இந்த மடல்களை அடுக்கிப் பார்த்தவர்களின் வலுவான சந்தேகம். ஜியா டான் யார் என்பதும் வெளிவரவில்லை.

புரட்டிய பழைய பக்கம்: 2018 நவம்பர்

இப்படி நடப்பது முதல்முறை அல்ல. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்றொரு நூலகம் இருந்தது. எழுதியவர் டொமினிக் டார். தானே பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட ஒன்றை மற்றவர்களுக்காகச் சும்மா தூக்கிச் சுமந்துகொண்டிருந்தார். யாரோ ஒருவர் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் கொடுத்துவிட்டார். புதியவர் அதற்குள் இன்னொரு பொதியைச் செருகினார். கோப்பே என்ற பிட்காயின் பணப்பையிலிருந்து திருடுவதற்கென எழுதப்பட்டது அது. 2018 நவம்பரில் அம்பலமானது.

அப்போது பலரும் டாரைத் திட்டினார்கள். அது அநியாயம். காசு வாங்காமல் சுமந்த ஒருவர், கேட்டவரிடம் சுமையை இறக்கிவைத்தார். கேட்டவரின் பின்னணியை விசாரிக்க அவரிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை.

2023 மார்ச் 18, சனி

எக்ஸ்இசட் 5.4.2 வெளியாகிறது. கட்டி வெளியிட்டவர் ஜியா டான். ஜனவரியில் வந்த 5.4.1 காலினின் கையால் வந்தது. அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் வெளியீடுகளில் அவர் கை இல்லை. இரண்டு நாள் கழித்து, திறந்த மூல நிரல்களைத் தானியங்கியாகச் சோதித்து வழு கண்டுபிடிக்கும் கூகுளின் சேவையில் தொடர்பு முகவரியும் மாறுகிறது. எச்சரிக்கை மணி அடித்தால் இனி அது கேட்கப்போவது ஜியா டானுக்கு.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ எல்லாம் நன்றாக நடக்கிறது. மாற்றங்கள் அடிக்கடி வருகின்றன, கேள்விகளுக்குப் பதில் கிடைக்கிறது. நன்றாகப் பராமரிக்கப்படும் கருவி என்று யாரும் சான்று கொடுத்திருப்பார்கள்.

2024 பிப்ரவரி 23, 24

சோதனைக் கோப்புகள் சில புதிதாகச் சேர்கின்றன. சுருக்கும் கருவிக்குக் கெட்டுப்போன கோப்புகளைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம், உடைந்ததை விரிக்கச் சொன்னால் ஒழுங்காக மறுக்கிறதா என்று அறிவதற்காக. அதனால் உள்ளே என்ன இருக்கிறதென்று புரியாத கோப்புகள் அங்கே கிடப்பதை யாரும் கேட்கவில்லை. சர்வருக்குள் ரகசியமாக நுழைய ஜியா டான் வைத்த பின்கதவு அந்தக் கோப்புகளுக்குள்தான் மறைந்திருந்தது.

மறைத்த விதம் இன்னும் நுட்பமானது. மூலநிரலை எல்லோரும் கண்ணால் படிக்கக்கூடிய களஞ்சியம் ஒன்று; வெளியீட்டு நாளில் கட்டிக் கொடுக்கும் மூட்டை இன்னொன்று. இரண்டும் ஒன்றே என்று உலகம் நம்பியது. மறைந்திருந்ததை உயிர்ப்பிக்கும் வரி மூட்டையில் மட்டும் இருந்தது. லினக்ஸ் வழங்கல்களைத் தயாரிப்பவர்கள் எடுப்பது மூட்டையை. ஓப்பன் சோர்ஸ் என்றால் எவரும் பார்க்கலாம் என்ற வாக்கு இந்த இடைவெளியில் விழுந்தது.

5.6.0 பிப்ரவரி 24 அன்று வெளியானது. மார்ச் 9 அன்று 5.6.1. மார்ச் 25 அன்று இன்னொரு அறியாத பெயர், இதைச் சீக்கிரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டெபியனை வற்புறுத்தியது.

2024 மார்ச் 28, வியாழன்

ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் மைக்ரோசாஃப்டில் வேலை செய்கிறார். அவருடைய வேலை போஸ்ட்கிரஸ் என்னும் திறந்த மூலத் தரவுத்தளம். அதன் வேகத்தை நுணுக்கமாக அளப்பதற்காகக் கணினியில் மற்ற சத்தங்களை அடக்கப் பார்க்கிறார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச், தவறான பெயர்களோடு வந்து தட்டும் தானியங்கிகளைத் திருப்பி அனுப்பும்போது தேவைக்கு மீறிக் கணினியின் உழைப்பைத் தின்கிறது. அளந்து பார்க்கிறார். முன்பு 0.299 விநாடி. இப்போது 0.807.

அரை விநாடி. வேறொருவர் என்றால் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார். சில வாரங்களுக்கு முன் சோதனை ஒன்றில் கண்ட புரியாத பிழைச் செய்தியும் அவருக்கு நினைவு வந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்டு இழுத்தபோது எக்ஸ்இசட் வந்தது.

எஸ்எஸ்எச்சுக்கும் சுருக்கும் கருவிக்கும் என்ன உறவு? நேர் உறவு இல்லை. ஓப்பன் எஸ்எஸ்எச்சின் அசல் நிரல் எக்ஸ்இசட்டைத் தொடுவதே இல்லை. சில லினக்ஸ் வழங்கல்கள் தங்கள் வசதிக்காக அதை, கணினியின் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியோடு இணைத்திருந்தன. சிஸ்டம்டியின் நூலகம் எக்ஸ்இசட்டின் நூலகத்தைக் கூடவே இழுத்து வந்தது. அந்தச் சங்கிலி வழியாக, ரகசியச் சாவி ஒன்றை வைத்திருப்பவர் மட்டும் சர்வருக்குள் தன் கட்டளையை ஓட்டலாம் என்ற ஏற்பாடு.

டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்கு ஃபிராய்ண்ட் தனியாகத் தகவல் அனுப்புகிறார்.

2024 மார்ச் 29, பெரிய வெள்ளி

உலகத்துக்குச் சொல்லப்பட்டது. சிவிஇ-2024-3094 என்று எண் கொடுத்தார்கள். கடுமை மதிப்பெண் 10-க்கு 10. டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் வரவிருந்த பதிப்பு, ஓப்பன் சூசேயின் டம்பிள்வீட், காளி லினக்ஸ் எல்லாம் அவசரமாகப் பழைய பதிப்புக்குத் திரும்பின. நிறுவனங்களின் சர்வர்களில் ஓடும் டெபியன், ரெட் ஹாட் நிலையான பதிப்புகளில் அது இன்னும் ஏறவில்லை. சில மாதங்கள் தாமதித்திருந்தால் ஏறியிருக்கும்.

எக்ஸ்இசட்டின் களஞ்சியத்தைக் கிட்ஹப் முடக்கியது. ஜியா டானின் கணக்கோடு காலினின் கணக்கும் முடங்கியது. இரண்டரை ஆண்டு ஏமாற்றப்பட்டவருக்கு அன்று கிடைத்தது அது. பின்னர் கணக்கு திருப்பிக் கொடுக்கப்பட்டது.

புரட்டிய இன்னொரு பக்கம்: 2014 ஏப்ரல் 7

ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளின் ஹார்ட்பிளீட் வழு வெளிவந்த நாள். வங்கியிலிருந்து அஞ்சல்வரை இணையத்தின் பூட்டுகளில் பெரும்பகுதி ஓப்பன் எஸ்எஸ்எல்லால் ஆனது. அதற்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. வெட்கப்பட்ட பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாக நிதி திரட்டின. ஓப்பன் எஸ்எஸ்எல் பிழைத்தது. அதே நிலையில் இருந்த எக்ஸ்இசட்டின் பக்கம் யாரும் திரும்பவில்லை. அது உடையவில்லை என்பதே காரணம்.

இந்தப் பக்கத்தை எக்ஸ்இசட்டின் கதையோடு சேர்த்துப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. பின்கதவைக் கண்டுபிடித்தவர் திறந்த மூல மென்பொருளில் வேலை செய்யச் சம்பளம் வாங்குபவர். தளர்த்தி வீழ்த்தப்பட்டவருக்குச் சம்பளம் இல்லை. அரை விநாடியைத் துரத்த ஒருவருக்கு நேரம் இருந்தது. வந்த உதவியைச் சந்தேகிக்க மற்றவருக்குத் தெம்பு இல்லை. திறமையில் இருவருக்கும் குறைவில்லை. ஜெர்மனி அரசு 2022-இல் இத்தகைய கருவிகளின் பராமரிப்புக்கென்றே ஒரு நிதியைத் தொடங்கியது. மற்ற அரசுகளும் செய்யக்கூடிய காரியம்தான் அது.

2024 மே 29, புதன்

எக்ஸ்இசட் 5.6.2 வெளியாகிறது. பின்கதவு அகற்றப்பட்டிருக்கிறது. ஜியா டான் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்து வெளியிட்டவர் லாஸ்ஸே காலின்.

நிரல் எழுதுகிற வாசகர் நாளை அலுவலகத்தில் தன் மென்பொருள் எந்தெந்தக் கருவிகளின் மேல் நிற்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். அதில் ஒற்றை ஆள் சுமப்பவை எவை என்று குறிக்கட்டும். அந்தப் பட்டியலை, சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுகிறவரின் மேசையில் கொண்டுபோய் வைக்கட்டும்.