சூடேற மறுக்கும் போறணை

பாணும் போறணையும் போர்த்துக்கேயர் வழியாக இலங்கைத் தமிழுக்கு வந்த சொற்கள். பாண் இன்றும் நிலைத்திருக்கிறது. பேக்கரியிலே போறணையாக இருப்பது வீட்டுக்குள் வந்ததும் 'அவன்' ஆகிவிட்டது. "அவன் சூடாகுதில்லை" என்று ஒருவர் சொன்னால், அடுப்பைச் சொல்கிறாரா ஆளைச் சொல்கிறாரா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது!

எங்கள் ஒழுங்கையில் கேக் செய்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒரு பெண் இருக்கிறார். அவருடைய மின் போறணை அண்மையில் இப்படித்தான் நின்றுபோனது. சனிக்கிழமை கல்யாணத்துக்குக் கேக் கொடுக்க வேண்டும். "அண்ணை, லைற் எரியுது, ஃபான் சுத்துது, சூடு மட்டும் வருகுதில்லை. கடையில திருத்திப் பிரயோசனமில்லை, புதுசு வாங்குங்கோ எண்டு சொல்லுகினம்" என்றார். 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னர், இறக்குமதிப் பொருள் ஒன்றைப் புதிதாக வாங்குவது அவரைப் போன்றவர்களுக்கு எளிய காரியமன்று.

சாட்சி சொல்பவருக்கு எவ்வளவு தெரியும் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற பாடம். போறணையின் விளக்கும் ஒரு சாட்சிதான். மின்சாரம் வாசல்வரை வந்திருக்கிறது, பிளக்கில் உள்ள உருகி எரியவில்லை என்ற இரண்டையும் அது சொல்லும். அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. விளக்குக்குச் சில வாற் போதும்; சூடேற்றும் கொயிலுக்கோ 2000 வாற் அளவில் வேண்டும். அதற்கான பாதையும் வேறு.

அந்தப் பாதையைச் செலவில்லாத இடத்திலிருந்து தேடத் தொடங்குவதே முறை. பல போறணைகளில் நேரக் குமிழ் பூச்சியத்தில் நின்றால் கொயிலுக்கு மின் போகாது. டிஜிட்டல் மணிக்கூடு உள்ள சிலவற்றில், மின்வெட்டுக்குப் பின்னர் நேரத்தை மீண்டும் சரிசெய்யும்வரை சூடு வராது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

அவை சரியென்றால், பிளக்கைக் கழற்றி, போறணை ஆறிய பின்னர், மல்ரிமீற்றரால் கொயிலை அளக்க வேண்டும். 230 வோல்ற்றில் 2000 வாற் எடுக்கும் கொயில் ஏறக்குறைய 26 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்திருக்கிறது. கொயிலுக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே தொடர்பு காட்டினால் அது ஆபத்து, பாவிக்கவே கூடாது. கொயில் நன்றாக இருந்தால் தேமோஸ்ரற், மிகைச்சூட்டில் மின்னைத் துண்டிக்கும் சிறு பாகம், வயர் முனைகள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இது மின்வேலை தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. மைக்ரோவேவ் அடுப்பையோ வீட்டார் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதன் உள்ளே ஆளைக் கொல்லக்கூடிய மின் தேங்கி நிற்கலாம்.

மின்வேலை தெரிந்த இளைஞர் ஒருவரை அழைத்துச் சென்றேன். கொயிலில் பழுதில்லை. அதனோடு வயர் சேரும் முனை கருகிக் கழன்றிருந்தது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை இரவு அந்த வீட்டிலிருந்து வனிலா வாசம் எங்கள் வாசல்வரை வந்தது.

1990இல் மின்சாரம் நின்றபின் பல வருடங்கள் யாழ்ப்பாணத்துப் பெண்கள் சட்டியில் மணல் பரப்பி, கீழே நெருப்பும் மூடிமேல் தணலுமாகக் கேக் சுட்டார்கள். மேற்சூடு குறைகிறதா, அடிச்சூடு குறைகிறதா என்று அவர்கள் பார்த்தே அறிந்தார்கள். இன்றைய போறணையின் உள்ளே என்ன நடக்கிறதென்று பாவிப்பவருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் கடைக்காரரின் ஒரு சொல் தீர்ப்பாகிவிடுகிறது.

சூடு வந்தும் போதவில்லையென்றால், மின்னழுத்தத்தையும் அளந்து பாருங்கள். 230 வோல்ற் 200 ஆக இறங்கினால் 2000 வாற் கொயில் ஏறக்குறைய 1500 வாற்தான் தரும். மின்கம்பிப் பாதையின் கடைசியிலுள்ள வீடுகளில் மாலைவேளையில் இது நடக்கக்கூடியது. அப்படியானால் பழுது போறணையில் இல்லை. விடியற்காலையில் சுட்டுப் பாருங்கள்.

எறிந்துவிடுங்கள் என்று எவராவது சொன்னால், எந்தப் பாகம் பழுதென்று ஒருமுறை கேளுங்கள். அளந்து பார்த்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.