ஏரோதின் வீடும் பெத்லகேமின் அழுகையும்

புதிய ஏற்பாட்டை முதன்முறையாகப் படிப்பவரை 'ஏரோது' என்னும் பெயர் குழப்பாமல் விடுவதில்லை. இயேசு பிறந்த காலத்தில் பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்லச் சொன்னவன் ஏரோது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் யோவான் ஸ்நானகனின் தலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தவனும் ஏரோது. அதன் பின்னர் அப்போஸ்தலனாகிய யாக்கோபை வாளால் கொன்றவனும் ஏரோது. ஒரே மனிதன் இத்தனை காலம் அரசாண்டானா என்று ஐயுறுவோர் உண்டு. இவர்கள் தந்தை, மகன், பேரன் என்னும் மூவர்.

முதலாமவன் மகா ஏரோது. கி.மு. 40இல் உரோமைச் செனட் அவையால் யூதேயாவின் அரசனாக அறிவிக்கப்பெற்றவன். எருசலேம் ஆலயத்தைப் பெரிதாக எடுத்துக் கட்டியவனும் அவனே. காதல் மனைவி மரியம்னேயை ஐயத்தால் கொன்றான். அவள் வயிற்றுப் பிள்ளைகள் இருவரைக் கி.மு. 7இல் கொன்றான், தான் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் மூத்த மகனையும் கொன்றான். இரண்டாமவன் மகன் அந்திப்பா. உடன்பிறந்தானின் மனைவி ஏரோதியாளைத் தனக்கு மனைவியாக்கிக் கொண்டவன். மூன்றாமவன் பேரன் முதலாம் அகிரிப்பா. நான்காம் தலைமுறையில் இரண்டாம் அகிரிப்பா. விலங்கோடு நின்று பவுல் தம் வழக்கை எடுத்துரைத்தது இவன் முன்னிலையில்தான்.

திருக்கழுக்குன்றத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இவ்வரச குடும்பத்தை அறிமுகம் செய்தவர் வீரமாமுனிவர். 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களுமாக விரியும் தேம்பாவணியில் 'குழவிகள் வதைப் படலம்' என்று ஒரு படலம் உண்டு. சூசையப்பரை வளன் என்னும் பெயரால் தலைவனாக்கிய காப்பியம் அது. நாட்டு வளமும் நகர வளமும் பாடும் தமிழ்க் காப்பிய நடைக்குள் பச்சிளங் குழந்தைகளின் குருதி வந்து சேரும்போது படிப்பவர் மனம் திடுக்கிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை வகுப்பில் விளக்கிக் கொண்டிருந்தேன். கனவில் தேவதூதன் எச்சரிக்க, சூசையப்பர் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குச் செல்வதைக் கூறி, தீயோனின் திட்டத்தை இறைவன் முறியடித்தான் என்று முடித்தேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஐயா, அந்தக் கனவு ஒரு வீட்டுக்கு மட்டும்தானே வந்தது? மற்ற வீடுகளுக்கு ஏன் வரவில்லை?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. கேள்வியைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த வகுப்பில் பேசுவோம் என்றேன். அந்த இடைவெளியில் நான் எண்ணியவையே இக்கட்டுரை.

கொடிய அரசர்களைக் குறித்து நம் இலக்கியங்களுக்குத் தெளிவான பார்வை உண்டு. செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் அடுத்த அதிகாரத்தையே கொடுங்கோன்மைக்கு வைத்தார். துன்புற்றோர் கண்ணீரை அரசின் செல்வத்தை அரிக்கும் கருவியாகக் கண்டார். சிலம்பின் பாண்டியன் தன் தீர்ப்பின் பிழை தெரிந்த அக்கணமே அரியணையிலிருந்து வீழ்ந்து இறக்கிறான். மதுரையை எரிக்கும் கண்ணகியோ, முதியோரையும் குழந்தைகளையும் தீண்டக் கூடாது எனத் தீக்கடவுளுக்கு ஆணையிடுகிறாள். சினத்தின் உச்சியிலும் குழந்தைக்கு விலக்கு உண்டு. ஏரோது குழந்தைகளை மட்டுமே தேடினான்.

எங்கள் பக்கத்துக்கு இன்னும் நெருங்கிய கதை திருநாவுக்கரசருடையது. பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டினான், யானையை ஏவினான், இறுதியில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினான். கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் ஏறினார் என்பது பெரியபுராணம். அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்றாய்வாளர் பலரின் கருத்து. சேக்கிழார் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், சைவத்தின் பக்கம் நின்று எழுதியவர் என்பதை மறவாமல் படிக்க வேண்டிய பகுதி இது. எனினும் அரசாணைக்கு மேலான ஆணை ஒன்று உண்டு என்னும் துணிவை என் போன்றோர் கற்றுக்கொண்டது இக்கதையில்தான். நாவுக்கரசர் எங்கள் கழுக்குன்றையும் பாடியிருக்கிறார்.

இக்கதையோடு வளர்ந்தவன் ஏரோதின் கதைக்குள் நுழையும்போது ஒரு தடுமாற்றம் நேர்கிறது. அங்கே கல் எப்போதும் மிதப்பதில்லை. அப்போஸ்தலர் நடபடிகளின் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். அகிரிப்பா யாக்கோபைக் கொல்கிறான். பேதுருவையும் சிறையிலிடுகிறான். இரவில் தேவதூதன் வந்து பேதுருவின் சங்கிலிகளைக் கழற்றி வெளியே கொண்டு வருகிறான். ஒரே மன்னன், ஒரே அதிகாரம்; ஒருவர் காக்கப்பட்டார், ஒருவர் வெட்டுண்டார். யாக்கோபுக்குத் தூதன் ஏன் வரவில்லை என்பதற்கு எழுதியவர் ஒரு சொல்லும் கூறவில்லை. அதிகாரத்தின் முடிவில் அகிரிப்பா புழுத்துச் சாகிறான். அவன் கி.பி. 44இல் செசரியாவில் திடீரென நோயுற்று இறந்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும் எழுதியிருக்கிறார். ஆனால் அவன் சாவால் யாக்கோபின் உயிர் மீளவில்லை.

அப்படியானால் தீமையின் மேல் இறைவனுக்கு ஆட்சி உண்டு என்பதன் பொருள்தான் என்ன? இக்குடும்பத்தின் வரலாறு முழுவதையும் எடுத்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் புலப்படுகின்றன.

ஒன்று, தீயோனின் ஆணை அவன் விரும்பிய இடம்வரை செல்வதில்லை. மகா ஏரோது மரணப் படுக்கையில் நாட்டின் முதன்மையான மனிதர்களை எரிகோவின் குதிரைப் பந்தயக் களத்தில் அடைத்து வைத்தான். தான் இறந்ததும் அவர்களைக் கொல்ல வேண்டும், அப்போதுதான் தன் சாவன்று நாடு அழும் என்றான். இதுவும் யோசேப்பஸ் கூறுவது. அவன் இறந்ததும், அச்செய்தி பரவுமுன்பே, அவர்களை விடுவித்தவள் அவனுடைய உடன்பிறந்த தங்கை சலோமே. அவள் நல்லவள் என்று எவரும் எழுதவில்லை. மரியம்னேயின் அழிவில் அவளுக்குப் பங்கு உண்டு. ஆயினும் அந்த ஆணை அவள் கையில் நின்றது. அந்திப்பாவின் வீழ்ச்சியும் இத்தகையதே. கணவனுக்கு அரசன் என்னும் பட்டத்தை உரோமையில் கேட்டுப் பெறும்படி ஏரோதியாள் தூண்டினாள். கேட்கப் போனவன் கி.பி. 39இல் இருந்த பதவியையும் இழந்து நாடு கடத்தப்பட்டான். பேராசையே அவர்களைக் கவிழ்த்தது.

மற்றொன்று, அரண்மனைக்கு உள்ளிருந்தே ஆட்கள் புறப்பட்டு வருகிறார்கள். இயேசுவுக்குத் தம் பொருளால் பணிவிடை செய்த பெண்களுள் யோவன்னாள் ஒருத்தி. அவள் கணவன் அந்திப்பாவின் காரியக்காரன். அந்தியோகியாத் திருச்சபையின் ஆசிரியர்களுள் மனாயீன் ஒருவர். அந்திப்பாவோடு கூட வளர்க்கப்பட்டவர். யோவானின் தலை வந்த அதே அரண்மனையின் உப்பைத் தின்றவர்கள் இவர்கள்.

பல்லவர் வீட்டிலும் இது நிகழ்ந்திருக்கிறது. நாவுக்கரசரை வதைத்த மன்னன் பின்னர் சைவனானான் என்கிறது பெரியபுராணம். கி.பி. 642 அளவில் வாதாபியை வென்ற அவன் மகன் நரசிம்மவர்மனின் படைத்தலைவராகக் கருதப்படும் பரஞ்சோதியார், சிறுத்தொண்ட நாயனாராக நமக்குத் தெரிந்தவர். முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் எங்கள் ஊர்க் கல்வெட்டொன்று, கந்தசிஷ்யன் என்னும் பழைய மன்னன் மூலட்டானத்து இறைவனுக்கு இறையிலியாக விட்ட நிலத்தை வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் உறுதி செய்தான் என்றும், சோழன் மீண்டும் அதைக் காத்தான் என்றும் கூறுகிறது. மூன்று அரசுகள் வந்து போயின. நிலம் கழுக்குன்றத்து இறைவன் பெயரிலேயே இருந்தது.

அடுத்த வகுப்பில் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். மாணவி பொறுமையாகக் கேட்டாள். பின்னர், "இதெல்லாம் அரசனுக்கு என்ன ஆயிற்று என்பதற்குப் பதில் ஐயா. அந்தத் தாய்மாருக்கு?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளுடைய கேள்விக்குப் பெத்லகேம் வரை போக வேண்டியதும் இல்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிக் கொண்டிருக்கையில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தக் குடிசைக்கும் கனவு வரவில்லை.

பெத்லகேம் நிகழ்ச்சியைப் புதிய ஏற்பாட்டில் எழுதியவர் மத்தேயு ஒருவரே. ஏரோதின் கொலைகளை வரிசையிடும் யோசேப்பஸ் இதைக் குறிப்பிடவில்லை. நடந்ததா என ஐயுறும் அறிஞர்களும் உண்டு. எனக்கு வியப்பளிப்பது மத்தேயு இதை எழுதிய முறை. தம் ஆண்டவர் தப்பிய மகிழ்ச்சியோடு அவர் கதையை நகர்த்தியிருக்கலாம். அவரோ நின்று, எரேமியாவின் பழைய வாசகம் ஒன்றை எடுத்து, பிள்ளைகளை இழந்து ஆறுதலை ஏற்க மறுக்கும் ராகேலின் அழுகுரலை அங்கே வைக்கிறார். அழாதே என்று எவரும் அவளிடம் சொல்வதில்லை. எல்லாம் நன்மைக்கே என்ற விளக்கமும் இல்லை. இறைவனின் திட்டத்தைப் பேச வந்த நூலே அந்த அழுகையை அடக்காமல் விட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று உண்டு. அன்று தப்பிய குழந்தை இறுதிவரை தப்பவில்லை. வளர்ந்தபின் அதே ஏரோதின் மகன் முன்னால் கைதியாக நிறுத்தப்பட்டார். அந்திப்பா பல கேள்விகள் கேட்டான்; அவர் ஒன்றுக்கும் விடை கூறவில்லை. பகட்டான ஆடை உடுத்தி ஏளனம் செய்து திருப்பி அனுப்பினான். அன்றே சிலுவை. பெத்லகேமின் பிள்ளைகள் போன வழியிலேயே அவரும் போனார். இதைப் படிக்கையில் எனக்கு நினைவுக்கு வருவது மணிவாசகர் கதையில் வரும் பிரம்படி. அமைச்சரைச் சுடுமணலில் நிறுத்திய பாண்டியனின் பிரம்பு, மண் சுமக்க வந்த கூலியாளின் முதுகில் விழுகிறது. வலி அரசன் உள்பட எல்லா உயிர்க்கும் பரவுகிறது. அடிப்பவனுக்கு எதிரே நிற்கும் தெய்வத்தை நாம் அறிவோம். அடிபடுபவனாக நிற்கும் தெய்வத்தையும் இவ்விரு மரபுகளும் அறிந்திருக்கின்றன. மணிவாசகர் பாடிய இந்த ஊரில் வாழ்பவனுக்கு ஏரோதின் கதை அந்நியமாகத் தோன்றாமைக்கு இதுவே காரணம் போலும்.

இதை மாணவியிடம் கூறினேன். "அப்படியானால் அவரும் அந்த வீடுகளோடு சேர்ந்துகொண்டார் என்கிறீர்களா?" என்று கேட்டாள். ஆம் என்றேன்.

"சரி ஐயா. ஆனால் அந்தத் தாய்மார் ஆறுதல் அடைந்தார்கள் என்று மட்டும் தேர்வில் எழுதமாட்டேன்" என்றாள்.

எழுத வேண்டாம் என்றேன். மத்தேயுவும் எழுதவில்லை.