இரண்டாவது குண்டு

பப்ஜி ஆடினவங்களுக்கு இந்தச் சண்டை தெரியும். கார்98 பெட்டரா, எஸ்.கே.எஸ். பெட்டரா? முதலாவதில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளணும். இரண்டாவது செமி ஆட்டோமேடிக். ட்ரிகரை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகப் போகும். "லாங் ரேஞ்சுக்கு போல்ட்தான்டா, செமி ஆடும்" என்று தீர்ப்பு சொல்லாத ஹாஸ்டல் ரூமே கிடையாது. நிஜத் துப்பாக்கியில் இது எவ்வளவு தூரம் சரி?

ஒரு சின்ன கணக்கு போடுங்க. .308 வின்செஸ்டர் குண்டு சுமார் 800 மீ/நொடி வேகத்தில் வெளியே வருது. குழல் 60 செ.மீ. சீரான முடுக்கம் என்று வைத்தால், குழலுக்குள் அது இருக்கும் நேரம் 1.5 மில்லி செகண்ட். அழுத்தம் ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய்விடுவதால் நிஜத்தில் இன்னும் குறைவு. குழலில் உள்ள சிறு துளையைக் குண்டு தாண்டிய பிறகுதான் கேஸ் அதன் வழியே திரும்பி வந்து போல்ட்டைத் தள்ளும். போல்ட் பின்னால் ஓடி, காலித் தோட்டா வெளியே தெறிப்பதற்குள் குண்டு குழலை விட்டே போயிருக்கும். நாம ஸ்கிரீனில் பார்க்கிற ஆட்டம் எல்லாம் அதுக்கு அப்புறம் நடப்பது.

அப்போ செமிக்குக் கெட்ட பெயர் எப்படி வந்தது? ஒரு காரணம், குழலை எது தொடுகிறது என்பது. குறி பார்ப்பவர் கையில் சுற்றிய ஸ்லிங்கை இறுக்கினால், அந்த இழுவை கைப்பிடி வழியாகக் குழலை நூலளவு வளைக்கும். நம்ம கேன்டிலீவர் பீம்தான், வேறொன்றுமில்லை! அதனால் கைப்பிடியைக் குழல் மேல் படாமல் தனியாக நிறுத்தினார்கள். ஃப்ரீ ஃப்ளோட் என்பது அதைத்தான்.

ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக் கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே சர்வீஸ் ரைஃபிள் பிரிவில் செமியோடு 600 கஜத்தில் சுடுகிறார்கள். பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 12 அங்குலம், ஏறக்குறைய நம்ம ஸ்கேல் நீளம். ஏரிக் காற்று வேறு. அதிலேயே பத்து பத்தாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆக, ஹாஸ்டல் தீர்ப்பு தள்ளுபடி.

ஆனா காகிதத்தில் தப்பினால் மார்க்தான் போகும். மானில் தப்பினால், தாடை உடைந்தோ குடல் கிழிந்தோ அது காட்டுக்குள் ஓடி மெதுவாகச் சாகும். பென்சில்வேனியாவில் 2017-ல் நடந்த விவாதம் இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுது. செமியை வேட்டைக்கு அனுமதிக்க அந்த மாநிலத்தில் சட்டம் வழி திறந்துவிட்டது. சிறு விலங்குகளுக்குச் சரி, மானுக்கு வேண்டாம் என்று வேட்டைத் துறை முடிவெடுத்தது. கருத்துக் கேட்டபோது மானுக்கு எதிர்ப்புச் சொன்ன பெரும்பான்மையே வேட்டைக்காரர்கள்தான்!

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கு. முதல் குண்டு சரியாகப் படலைன்னா, குறி மாறாமல் உடனே இரண்டாவதைச் சுட்டு அந்த விலங்கின் வேதனையை முடிக்கலாம். நான் இதை முழுசா ஏற்கலை. இரண்டாவது சுலபம் என்று கைக்குத் தெரிந்துவிட்டால், 400 மீட்டரில் "விட்டுப் பார்ப்போம்" என்று முதல் குண்டு கிளம்பிவிடும். அந்தத் தூரத்தைக் கடக்க குண்டுக்கு அரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் மான் ஒரு அடி எடுத்து வைத்தால், நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போகும். ஃப்ரீ ஃப்ளோட் குழல் இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

இதுல ஒரு வேடிக்கை. செமிக்குத் தடை இருந்த அதே பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்காரர்களின் செல்லப் பிள்ளை ரெமிங்டன் 760. பம்ப் ஆக்‌ஷன், முன்கைப்பிடியை ஒரு இழு, ஒரு தள்ளு, அடுத்த தோட்டா ரெடி. பழகின கைக்கு செமியை விடப் பெரிசா ஒண்ணும் தாமதமில்லை.